எட்டாம் நாள் எடுக்காத ரத்தம்

தொற்றிய ஒன்பதாம் நாள், காலை 6.00
நிலாவை வெகுதொலைவில் சுற்றும் கிருமி ஆய்வுக்கூடம். எழுதுவது தில்லைநாயகி, வைரஸ் ஆய்வாளர். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. காப்பித்தூள் தீர்ந்துவிட்டது, அதைக் கோளாறாகப் பதிய விதியில் இடமில்லை.

கையுறை கிழிந்து எனக்கும் உதவியாளர் சகாயராணிக்கும் ஒரே நாளில் வைரஸ் தொற்றியது. நூறில் நாற்பது பேரைக் கொல்லும் வகை. ஏழாம் நாள் இருவர் ரத்தத்திலும் அது இல்லை. 'ஏழு நாள் விதி'ப்படி அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தேன். நேற்று விண்படகேறினாள். நிலாக் குடியிருப்பு சேர மூன்று நாள். அங்கே அவள் கணவன் உட்பட முந்நூறு பேருக்கு மேல், ஒரே குழாய்க் காற்றைச் சுவாசிக்கிறார்கள்.

அன்று, மதியம் 2.10
பழக்கதோஷத்தில் என் ரத்தத்தை மறுபடி சோதித்தேன். வைரஸ் இருக்கிறது, முன்பைவிட அதிகமாக. காய்ச்சல் இல்லை. நன்றாகப் பசிக்கிறது. மூன்று முறை சோதித்தும் கருவி மனம் மாறவில்லை.

மாலை 4.30
படகுக்குச் சொன்னேன். சகாயராணியின் பதில்: "அக்கா, காலையில நாலு இட்லி பாக்கெட் காலி பண்ணேன். நோயாளி சாப்பிடுற சாப்பாடா அது? சான்றிதழ்ல கையெழுத்தும் உங்களோடதுதானே?"

என்னுடையதுதான். கொடுத்த சான்றிதழை ரத்து செய்யவும் விதியில் இடமில்லை.

குடியிருப்பின் வாசல் காவலர் இசக்கியப்பன்: "டாக்டரம்மா, நீங்க சொன்னா நான் நம்புதேன். கதவு நம்பாதுல்லா! ஏழு நாள் சான்றிதழக் காட்டினா அதுவா தொறந்துரும். கையால இழுத்துப் பிடிச்சா ஒரு நாள் தாங்கும். அதுக்குள்ள டைரக்டர்ட்ட சொல்லி விதிய மாத்துங்க."

இரவு 7.15
விதி, பூமியிலிருக்கும் இயக்குநர் டாக்டர் வரதராஜுலுவின் கட்டுரையிலிருந்து வந்தது. ஆயிரத்துச் சொச்சம் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. அதன் அட்டவணையில் எட்டாம் நாளிலிருந்து ஏன் எதுவுமே இல்லை என்று அவரிடமே கேட்டேன்.

"அந்த ஆய்வுல எட்டாம் நாள் போகிம்மா. அப்புறம் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். எவன் ஊசியோட வருவான்? ஏழாம் நாளே பூஜ்யம். அதுக்கு மேல அது எங்கே போகப்போகுது?"

ஆக, பொங்கலுக்கு வைரஸும் ஊருக்குப் போயிருக்கிறது. திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை.

விதியை மாற்றச் சொன்னேன். "கட்டுரையா எழுதும்மா. பிரசுரமான மறுநாளே மாத்திடலாம். முதல் பேரு என்னோடதா இருக்கட்டும், சீக்கிரம் நகரும்."

பத்தாம் நாள், காலை 5.40
கட்டுரையை அனுப்பினேன், அவர் பெயரை முதலில் போட்டு. அனுப்பும்போது காய்ச்சல் ஆரம்பித்தது. அதையும் ஒரு வரி சேர்த்தேன்.

பதினோராம் நாள், காலை 9.00
அவசரப் பரிசீலனை முடிந்தது. மதிப்பீட்டாளர்: "சுவையான கருத்து. ஆனால் ஒரே நோயாளி, அவரே ஆசிரியர். குறைந்தது முந்நூறு பேரிடம் உறுதிசெய்து மீண்டும் அனுப்பவும். டாக்டர் வரதராஜுலுவின் முன்னோடிக் கட்டுரையை ஆசிரியர்கள் சரியாகப் படிக்கவில்லை."

படகு குடியிருப்பை அடைந்துவிட்டது. இசக்கியப்பன் கதவைப் பிடித்திருக்கிறார்.

பன்னிரண்டாம் நாள், காலை 8.20
"டாக்டரம்மா, விடிய விடிய கைப்பிடியில தொங்கிட்டேன். அந்தப் பொண்ணு வெளிய, அது வீட்டுக்காரன் உள்ள, கண்ணாடியில மூஞ்சிய ஒட்டிக்கிட்டு நிக்கான். படகுல காத்து முடியப்போவுது. பூமியில கேட்டா 'விதிப்படி செய்'ங்காவ. கண்ணு முன்னால ஒரு பொண்ணு மூச்சுமுட்டிச் சாவ நான் பாத்துக்கிட்டு நிக்கவா? விடுதேன்."

விடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். இருமல்தான் வந்தது.

இருபத்து நான்காம் நாள்? விளக்கு பாதிதான் எரிகிறது
இசக்கியப்பன் குரல் அடையாளம் தெரியவில்லை. "பள்ளிக்கூடத்தையும் வார்டாக்கியாச்சு. சகாயராணி முந்தாநாளே... அது வீட்டுக்காரன் நேத்து. முந்நூறு பேரு வேணும்னு எவனோ கேட்டானாமே? தாண்டிட்டுன்னு சொல்லுங்க."

சொன்னேன். திருத்திய கட்டுரை பரிசீலனையில் இருக்கிறது.

நேரம் தெரியவில்லை
பூமியிலிருந்து இயக்குநர்: "மீட்புப் படகு கிளம்பிடுச்சும்மா. பிழைச்சவங்களை ஏழு நாள் தனியா வெச்சிருந்து, சுத்தமானதும் பூமிக்கே கூட்டிட்டு வந்துடுவோம். விதி இருக்கே, பயப்படாதே."

பதில் சொல்லக் குரல் இல்லை. ஒலிவாங்கியைத் தட்டினேன். அவர் வாழ்த்தென்று எடுத்துக்கொண்டார்.

இதைக் கண்டெடுப்பவர் அந்தப் படகுக்காரராகத்தான் இருக்கவேண்டும். ஏழாம் நாள் ரத்தம் சுத்தமாக இருக்கும். யாரையும் ஏற்றாதீர்கள். எட்டாம் நாள் எடுங்கள். ஒன்பதாம் நாளும். அன்று என்ன பண்டிகையாக