வடத்தில் இன்று என் கை

என்னங்க,

இட்லி மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டதும் மாத்திரையைப் போடுங்கள்.

போன வருடத் தேரில் உங்கள் அண்ணன் வடத்தைப் பிடித்தபடியே சரிந்தார்; பிறகு எழவேயில்லை. அவருடைய இதயத் தசையைக் கெடுத்த அதே மரபணு மாற்றம் உங்களுக்கும் இருக்கிறது; பாரம் இழுக்காமல் இருந்தால் நெடுநாள் நன்றாக இருக்கலாம் என்றார் டாக்டர். நேற்று நான் அதைச் சொன்னதற்கு, "நீ வேற வீட்டு ரத்தம். எங்க வடத்தப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?" என்றீர்கள்.

உண்மைதான். வேறு வீட்டு ரத்தம் என்பதால் எனக்கு அந்தப் பயமில்லை. இன்று உங்கள் இடத்தில் நான் வடம் பிடிக்கிறேன். குருக்களும், "தாராளமா பிடிம்மா" என்றார்.

நீங்கள் நீர்மோர்ப் பந்தலுக்கு வாருங்கள். தாகத்துக்கு ஊற்றுவதும் சாமி காரியம்தான்.

முருகலட்சுமி

வரும்போது வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டுக் கமலா அக்காவிடம் கொடுங்கள்.

மோருக்கு உப்புப் போடவில்லை. உங்கள் கையால் போடுங்கள். முதல் தம்ளர் எனக்கு.