கிணறும் பால்மாவும்

மார்ச் 4, செவ்வாய்

பரிசோதனைக் கூடத்தில் இன்று முழுக்கக் கிணற்றுத் தண்ணீர் பாட்டில்கள்தான். இடுப்பு ஒடிந்தது. வீட்டுக்கு வந்தால் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனார் கைக்குழந்தையோடு அடுத்த வாரம் வருகிறாளாம். தாய்ப்பால் போதவில்லை, பால்மாவுதான். "நம்ம கிணத்துத் தண்ணிய அரை மணி நேரம் கொதிக்க வெச்சுக் கரைச்சுக் கொடுத்தா, புள்ள கொழுகொழுன்னு ஆயிடும் பாரு!"

மார்ச் 5

ஊர்த் தண்ணீரையெல்லாம் சோதிக்கிறேன், என் வீட்டுக் கிணற்றை இதுவரை சோதித்ததே இல்லை. ஒரு பாட்டில் எடுத்துப்போனேன். சும்மாதான்.

மார்ச் 7, வெள்ளி

நைட்ரேட் லிட்டருக்கு நூற்றுப் பத்து மில்லிகிராம். நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. மறுபடி செய்தேன், அதே.

கழிவறைக் குழி! போன வருஷம் இடம் மிச்சமாகும் என்று கிணற்றுக்குப் பக்கத்திலேயே இவர் தோண்டச் சொன்னார். நானும்தானே தலையாட்டினேன்? மேல்மட்ட ஊற்று, எல்லாம் கசிந்து இறங்கியிருக்கிறது. நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. தண்ணீர் என்னவோ கற்கண்டுதான். ஆனால் இதில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் பச்சைக் குழந்தைக்கு ரத்தத்தில் மூச்சுக்காற்று ஏறாது, உடம்பு நீலம் பாரிக்கும். இதில் அரை மணி நேரக் கொதி வேறு! தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே நிற்கும். அத்தை பாசத்தோடு காய்ச்சக் காய்ச்ச இன்னும் மோசம்.

எப்படிச் சொல்வேன்?

மார்ச் 8

சொன்னேன். "நாப்பது வருஷமா குடிக்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு?"

"நமக்கில்ல அத்தை, பச்சப் புள்ளைக்குத்தான்."

"உன் மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. போடி!"

இவர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

மார்ச் 9

பேச்சுவார்த்தை இல்லை. காபி வந்தது, சர்க்கரை வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர், இரண்டு சிட்டிகை உப்பு. அத்தை பார்க்கட்டும் என்று பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட்டு, ஆறவைத்து நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கொதிக்க வெச்சா உப்பு எங்க போச்சு அத்தை? இதுவும் அப்படித்தான்."

டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜெயித்தேனா, வாங்கிக் கட்டிக்கொண்டேனா? தெரியவில்லை.

மார்ச் 11

வேலைக்குக் கிளம்பும்போது செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில். "தெருக்குழாய்த் தண்ணி. இதையும் பாரு. எவனையும் நம்ப முடியாது." மருந்து வாடை என்று இத்தனை நாள் அத்தை தொடாத தண்ணீர்! சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 12

குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் ஆறுதான். அத்தையிடம் சொன்னேன். "ம்" என்றார். குழியை மூடிவிட்டுத் தெருப்பக்கம் புதிதாகத் தோண்ட ஆள் பேசிவிட்டாராம் இவர். காபியில் இரண்டு பங்கு சர்க்கரை.

மார்ச் 15, சனி

நாத்தனார் வந்துவிட்டாள். குழந்தை அப்படியே இவர் ஜாடை, பாவம். பையை வைத்ததும், "அம்மா, நம்ம கிணத்துத் தண்ணி காய்ச்சு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையே முந்திக்கொண்டார்: "அந்தத் தண்ணி புள்ளைக்கு ஆகாது. உங்க அண்ணி சொல்லிட்டா."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் பாட்டிலைக் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது அத்தை ஜன்னலோரம் நின்று, குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்துக் கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்:

"நகம் செவப்பாத்தானே இருக்கு? நீ ஒரு தடவை பாத்துச் சொல்லும்மா."