மே பன்னிரண்டு

லீட்ஸ்,
1 பிப்ரவரி 2026

அன்பு மகள் சப்ரீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அம்மா எழுதுகிறேன். இங்கே அத்தா, தம்பி யாசின், நான் மூவரும் சுகம். ராஜபாளையத்தில் நீயும் பெரியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் பத்து வரி அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்புகிறாய். பெரியம்மாதான் "நல்லா இருக்கா, சாப்பிடுதா, காலேஜுக்குப் போறா" என்று ரேடியோ செய்தி மாதிரி வாசிக்கிறார்கள். அதோடு இந்த வீட்டில் ஒருவர் இருமினால் எல்லா அறைக்கும் கேட்கும். நான் சொல்ல வேண்டியது அத்தா காதில் விழக் கூடாத விஷயம். அதனால்தான் தாளும் பேனாவும்.

முதலில் எங்கள் பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வெயிலைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவள் நான், இப்போது ஜன்னலில் துளி வெளிச்சம் விழுந்தால் போய் நிற்கிறேன். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேர ட்யூட்டி. வேலை எனக்குப் புதிதில்லை, பேச்சுதான் புதிது. வார்டில் இருக்கும் கிழவர்கள் பேசும் இங்கிலீஷ் பாதி புரியாது. புரிந்த மாதிரி சிரித்துவிட்டு, என்ன கேட்டார்கள் என்று பக்கத்து நர்ஸிடம் போய்க் கேட்பேன். வீட்டில் தாளித்தால் கூரையில் இருக்கும் புகை மணி ஊரைக் கூட்டுகிறது. யாசின் நாற்காலியில் ஏறி அதற்குத் துண்டால் விசிறுவான், அதற்குள் நான் கடுகைப் போட்டு எடுத்துவிடுவேன். குப்பைக்கு மூன்று நிறத்தில் மூன்று தொட்டி. எதில் எதைப் போடுவது என்று அத்தாவுக்கும் யாசினுக்கும் வாரம் ஒரு சண்டை.

யாசின் நன்றாக ஒட்டிக்கொண்டான். பள்ளிக்கூட வாசலில் அத்தா இங்கிலீஷ் பேசினால் மட்டும் அவனுக்குக் கூச்சம். "நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க அத்தா" என்றானாம். அவரும் அந்தப் பக்கமே நிற்கிறார். நான் அவனுக்கு நாலு வைத்தேன். பதினொரு வயதுப் பிள்ளையை அடித்துவிட்டு நானும் அழுதேன்.

அத்தா பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கிறார். ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர், மில்லில் இருந்து ஆள் வந்தால் "பொறவு வாங்க, கைவேலையா இருக்கேன்" என்று திருப்பி அனுப்பியவர். இங்கே இருபத்தைந்து வயதுப் பையன் விசிலடித்துக் கூப்பிடுகிறான். அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இளைத்துவிட்டார். மதியம் இரண்டு மணிக்கு வேலை. அதற்கு முன்னால் பஸ் நிறுத்தத்தில் நின்று உனக்குப் போன் போடுகிறார். நீ எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்து, "கிளாஸ்ல இருப்பா போல" என்கிறார். அவர் கூப்பிடும்போது உங்களுக்கு ராத்திரி ஏழு. ஏழு மணிக்கு எந்தக் காலேஜில் கிளாஸ் நடக்கிறது? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆறு மாதமாக இதே கதை.

மதுரை ஏர்போர்ட்டில் நீ அவரிடம் சொன்னது இங்கே இருந்த எனக்கும் வந்து சேர்ந்தது. யாசின் அப்படியே ஒப்பித்தான். "உங்களுக்கு எதுலதான் அவசரம் இருந்துச்சு? ஒரு வாரம் முன்னாடி பேப்பரக் குடுத்திருந்தா நானும் வந்திருப்பேன்" என்றாய். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம்மா, எந் தப்புதான்" என்றாராம்.

சப்ரீன், அது அவர் தப்பு இல்லை. என் தப்பு.

நீ பிறந்தது பிப்ரவரி ஒன்பது. வீட்டில் பாயசம் வைப்பதும் அன்றைக்குத்தான். சர்ட்டிபிகேட்டில் இருக்கும் மே பன்னிரண்டை டீச்சர் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று உன்னிடம் சொல்லி வளர்த்தேன். டீச்சர் நான் சொன்னதைத்தான் எழுதினார்கள். உனக்கு அப்போது நாலு வயதும் நாலு மாதமும். அத்தா சவுதியில், தம்மாமில் இருந்தார். பால்வாடியில் பகல் பன்னிரண்டரைக்கு விட்டுவிடுவார்கள், எனக்கு ட்யூட்டி முடிய நாலு மணி ஆகும். நடுவில் உன்னை யார் வீட்டில் விடுவது என்று தினமும் ஒரு வாசலில் நின்றேன். ஒன்றாம் வகுப்பு என்றால் நாலு மணி வரை உன்னை வைத்திருப்பார்கள். ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். தளவாய்புரத்தில் என் அம்மா வீட்டில் பிறந்தவள் நீ. பிறப்பைப் பதியக்கூட நாங்கள் போகவில்லை, அதுவும் நர்ஸாக இருந்துகொண்டு. பெரிய டீச்சர் உன்னைப் பார்த்து, "பிள்ள ரொம்பப் பொடிசா இருக்காளே" என்றார்கள். "மெலிஞ்ச உடம்பு டீச்சர்" என்றேன். தேதி கேட்டார்கள். அதற்கு முந்தின மாதம்தான் ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் தினத்துக்குக் கேக் வெட்டியிருந்தோம். வாயில் வந்தது அந்தத் தேதி. வருஷத்தையும் ஒன்று பின்னால் தள்ளிச் சொன்னேன். நீ ரொம்பச் சின்னவள் என்று அந்த டீச்சரே உன்னை ஒன்றாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார வைத்தார்கள். நம் தெருவில் எத்தனை பேர் அப்படிச் சேர்த்தார்கள். பெரிய பாவம் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

அத்தாவிடம் சொல்லவில்லை. உனக்குப் பாஸ்போர்ட் எடுத்ததும் அவர் இல்லாதபோது நான்தான். உன் சர்ட்டிபிகேட்டெல்லாம் என் பெட்டியில்தான் கிடந்தன, அவர் பிரித்துப் பார்த்ததில்லை. போன வருஷம் நான் முதலில் இங்கே வந்த பிறகு, பிள்ளைகளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் விசாவுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று தெரிந்தது. அத்தாவின் கணக்கில் உனக்குப் பதினேழு, அடுத்த பிப்ரவரி வரை நேரம் கிடக்கிறது. "புள்ள பிளஸ் டூ நிம்மதியா எழுதட்டும், மார்க்கு வரட்டும்" என்றார். உனக்காகத்தான் பொறுத்தார். ஏப்ரலிலேயே எனக்கு மே பன்னிரண்டு ஞாபகம் வந்துவிட்டது. சொன்னால் பதின்மூன்று வருஷமாகப் பொய் சொன்னாயா என்று கேட்பாரே என்று பயம். "சீக்கிரம் அனுப்புங்க" என்று மட்டும் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. மார்க் வந்த பிறகு மே பத்தொன்பதாம் தேதி அவர் மதுரையில் விசா ஏஜென்ட் ஆபீஸுக்குப் போனார். அந்த ஆபீஸ் பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்து, ஒரு வாரம் முன்னால் பதினெட்டு முடிந்துவிட்டது என்றாள். அத்தாவுக்கு அன்றைக்குத்தான் அந்தத் தேதியே தெரியும்.

அன்றைக்குப் போனில் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். முழுசையும் கேட்டுக்கொண்டார், திட்டவில்லை. பிறகு, "அவகிட்ட ஒண்ணும் சொல்லாத நாஜியா. எம்மேல கோவமா இருந்துட்டுப் போறா. பொட்டப்புள்ளைக்கு அம்மா மேல மனசு விட்டுறக் கூடாது" என்றார். மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய் வக்கீலைப் பார்த்தார். பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு தேதியை மாற்றுவது லேசில்லை, வருஷக்கணக்கில் இழுக்கும் என்றாராம். அப்படியும் நாலு தடவை போனார். உன்னிடம் மில்லுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எட்டு நாளில் உனக்கு நிஜமாகவே பதினெட்டு முடிகிறது. இனி உண்மைத் தேதியாலும் பயனில்லை.

வீட்டில் மாடியில் ஒரு சின்ன அறை உண்டு. உனக்கென்றே மூன்று அறை வீடாகப் பார்த்தேன். இப்போது அதில் துணி காயப்போடுகிறோம். படித்து முடித்து உன் சொந்த விசாவில் நீ வரலாம் என்று எல்லோரும் தேற்றுகிறார்கள். வரலாம். ஆனால் அதற்குள் மூன்று வருஷம் போய்விடும். என் மகள் என்ன சாப்பிடுகிறாள், யாரோடு சிரிக்கிறாள் என்று தெரியாமல் போகும் மூன்று வருஷம். அதை நினைத்தால் வார்டில் எண்ணி வைத்த மாத்திரையை மறுபடியும் எண்ணுகிறேன்.

இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் உன் பிறந்த நாள் கடந்திருக்கும். பெரியம்மாவிடம் பாயசம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு, நோன்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது, பதின்மூன்றாம் தேதி. ஜும்மா முடித்து அத்தா கூப்பிடுவார். நான் எழுதியது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மன்னிப்புக் கேட்க வேண்டாம், அழவும் வேண்டாம். "சாப்டீங்களா அத்தா" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவரைத் தப்பாக நினைத்துக்கொண்டே நீ நோன்பு பிடிக்கக் கூடாது.

அந்தக் கோபம் எனக்குச் சேர வேண்டியது. எனக்கே கொடு, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். என் போனை நீ எடுக்க வேண்டாம், கட்டைவிரலும் அனுப்ப வேண்டாம். அவர் போனை மட்டும் எடுத்துவிடு, தங்கம்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் வயதைத் திருடிய
அம்மா