மூன்று நிமிடத்தில் சொல்லாமல் விட்டது

அன்புள்ள அம்மா, முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

பல் சொத்தையாகாமல் இருக்க இந்த ஊர்க் குடிநீரில் ஃபுளோரைடு கலப்பதை நிறுத்தலாமா என்று நேற்று நகரசபையில் வாக்கெடுப்பு. நிறுத்தக் கூடாது என்று பேச எனக்கும் மூன்று நிமிடம் கொடுத்தார்கள். இணையத்தில் படித்த புள்ளிவிவரங்களையெல்லாம் கொட்டினேன்!

"லேசி, தண்ணியில எதுக்கும்மா மருந்து? பல்லு வெளக்கச் சொல்லு, போதும்!" என்றார் ஓர் உறுப்பினர். எல்லாரும் சிரித்தார்கள்.

ஃபுளோரைடு இல்லாத கிணற்றுத் தண்ணீரிலேயே வளர்ந்து, முப்பது வயதில் பல்லெல்லாம் போன உன் கதையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். "எங்கம்மா..." என்றதும் மணி அடித்துவிட்டது. நாலுக்கு மூணு, தோற்றுவிட்டோம். சுத்திகரிப்பு நிலையத்தில் இன்று ஃபுளோரைடு வால்வை மூட வேண்டியது நான்தான்.

உன் போட்டோ ஒன்று அனுப்பேன். வாயைக் கையால் மூடாமல் சிரித்தது ஒன்றாவது இருக்கிறதா?

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் லேசி