கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறுவது பற்றி

என் செல்ல மடையன் ஜெரால்டுக்கு,

பத்துபஸ்தி வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நான் வழக்கம்போல ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு புதுச் செய்தி: உன் அக்கா கயாக் வகுப்புக்குப் போகிறாள். சிரிக்காதே.

அந்தத் துடுப்புப் படகை ஓட்டக் கற்றுக்கொள்வதற்குக்கூட இல்லை. கவிழ்ந்த பிறகு, யார் உதவியும் இல்லாமல் எப்படித் திரும்ப ஏறுவது என்று தெரிந்துகொள்ளத்தான் போகிறேன்.

கரை ஒதுங்கிய உன்னை அடக்கம் செய்த அன்று வந்தவர்கள் எல்லாரும் அம்மாவுக்கு ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். அந்த அலையில் எவனாலும் ஏறியிருக்க முடியாது, ஆண்டவர் சித்தம் என்று. அவர்கள் போனதும் அம்மா என்னிடம் கேட்டாள்: "ஏட்டி ஸ்டெல்லா, எம்புள்ளையால ஏறிருக்க முடியுமாட்டி?" அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். காபி ஆற்றும்போது கேட்கிறாள், டிவி பார்க்கும்போது கேட்கிறாள். அதற்குப் பதில் தேடித்தான் இந்த வகுப்பு.

நீ கவிழ்ந்த கயாக்கின் முதுகில் ஏறி உட்காரப் பார்த்தாயாம். வழுக்கி விழுந்தாயாம், மறுபடி ஏறினாயாம். தூரத்துக் கப்பலில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். கப்பல் திரும்பி வருவதற்குள் கயாக் மட்டும்தான் மிதந்தது. மீன்பிடிக்கிற நம் ஆட்கள் வழக்கம் அதுதானே? வள்ளம் கவிழ்ந்தால் அதன் முதுகில் ஏறி, அடுத்த வள்ளம் வரும்வரை காத்திருப்பது. அப்பாகூட ஒருமுறை அப்படித்தான் பிழைத்து வந்தார். ஆனால் கயாக் பிளாஸ்டிக். சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும்.

லைஃப் ஜாக்கெட்டையாவது போட்டுத் தொலைத்தாயா? அதையும் நம் ஆட்களைப் போலவே மடித்து உட்காரும் மெத்தையாக்கி வைத்திருந்தாய். எனக்கு உன் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை, ஜெரால்டு.

செய்ய வேண்டியது வேறு. முதுகின் மேலாகக் கை நீட்டி, எதிர்ப்பக்கப் பிடியை இழுத்தால் கயாக் புரண்டு நிமிரும். பிறகு தண்ணீரில் மட்டமாகக் கிடந்து காலை உதைத்து, வயிற்றை மேலே இழுத்துப் போட வேண்டும். அப்படியே கொஞ்சம் கிடந்து மூச்சு வாங்கிவிட்டு, மெல்லப் புரண்டு உட்கார்ந்து, கடைசியாகத்தான் காலை உள்ளே எடுக்க வேண்டும். கற்றுத் தரும் ரீனா வங்காளிப் பெண், என்னிடம் இந்தியில்தான் பேசுவாள். நான் படகிலிருந்து கையை எடுத்தால் போதும், "நாவ் மத் சோட்னா தீதி! படகை விடாதே, அக்கா!" என்று கத்துவாள்.

பல நாள் என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொல்லும்போது ஒரு நிம்மதி. என்னால் முடியாவிட்டால் உன்னாலும் முடிந்திருக்காது என்று இரண்டு பேரும் இருந்துவிடலாமே. முடிந்துவிட்டால்தான் வம்பு.

போன ஞாயிறு பூசை முடிந்து அம்மாவும் கூட வந்தாள். மணலில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கென்று நல்ல அலை. அன்றைக்கென்று பார்த்து ஏறிவிட்டேன். நாற்பதைத் தாண்டி, நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இந்த உடம்பு ஏறிவிட்டது. உன் தோள் எங்கே, என் தோள் எங்கே?

அம்மா குடையைப் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீருக்கு வந்து நின்றாள்.

"ஏறிருப்பான்" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்மா. தெரிஞ்சிருந்தா ஏறிருப்பான்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நனைந்த சேலையைக்கூடத் தூக்கிப் பிடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, திருப்பிக் கவுத்து. இன்னொருக்க ஏறு, பாப்போம்."

கவிழ்த்தேன், ஏறினேன். மறுபடி கேட்டாள். "பஸ் கரோ தீதி, தக் ஜாவோகி", போதும், களைத்துப்போவாய் என்று ரீனா தடுத்தாள். அம்மா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு முறை தண்ணீரிலிருந்து மேலே வரும்போதும் அவள் முகம் மலர்ந்தது. எனக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

வரும் ஞாயிறும் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறாள். கூட்டிப்போவேன், தம்பி. அவள் போதும் என்று சொல்லும்வரை உனக்காகக் கவிழ்ந்து கவிழ்ந்து ஏறுவேன்.

உன்னோடு கூடப் பிறந்தவள்,
அக்கா ஸ்டெல்லா