பூச்சி கடித்த இலை

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுத் தையற்காரர் எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது.

ஆற்றுப் பாலம் இடிந்து ஏழு நாள் ரயில் வராமல் நின்றதே, நம் தெருவுக்கு மின்விளக்கு வந்ததே, அந்த வருஷத்துச் சமாசாரம் இது. நீ கேட்டதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. இன்று காலை பல் விளக்கும்போது பிடிபட்டது. வாய் நுரையோடு போய் இவர் கதவைத் தட்டினேன். "மெதுவாச் சொல்லுங்க பெரியவரே, இது கை, தையல் மெஷின் இல்ல" என்று திட்டிக்கொண்டேதான் எழுதுகிறார்.

உன் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். எந்த மருந்துக்கும் மசியாத கிருமி, நான் அனுப்பிய முதல் பொட்டலத்து இலைச்சாறு பட்ட இடத்தில் செத்து, கண்ணாடித் தட்டில் வட்டம் விழுந்தது. இரண்டாம் பொட்டலத்தில் ஒன்றுமே இல்லை. மாதக் கடைசிக்குள் மறுபடி வட்டம் விழாவிட்டால் உன் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். செடி அதேதானா என்று கேட்டிருந்தாய். அதேதான் அம்மா, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துப் பின்சுவரோரக் கசப்புச் செடி. தப்பு செடியில் இல்லை, என்னிடம்.

இரண்டாம் முறை "நல்ல இலையாப் பார்த்து அனுப்புங்க" என்று எழுதினாய். மகள் கேட்டுவிட்டாளே என்று கண்ணாடி மாட்டிக்கொண்டு, பூச்சி தொட்டதையெல்லாம் வீசிவிட்டுப் பளபளப்பாகப் பொறுக்கி அனுப்பினேன். முதல் முறை கைக்கு வந்ததைப் பறித்தது, எல்லாம் சல்லடை!

அந்த வருஷம் மூலை வார்டில் ஏழு பேருக்கு எந்த ஊசிக்கும் அடங்காத புண். கட்டுத்துணிகளை வேகவைத்தவன் நான். எழுத்து தெரியாதவனுக்குக் கறைதானே எழுத்து? மயில்கழுத்துப் பச்சையாகச் சீழ். கட்டுப் போடும் நர்ஸ் அக்கா, பெரிய டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஸ்பிரிட்டில் ஊறிய இந்த இலைச்சாறைத் தடவினாள். ஒருநாள் நான் பளபளவென்று இலை கொண்டுபோனேன். "இத வெச்சு மாலை கட்டவாய்யா? பூச்சி கடிச்சதாக் கொண்டா. கடிபட்டாத்தான் இலைக்குக் கோபம் வரும்" என்று விரட்டினாள். ஐந்தாம் நாள் பச்சை போய் வெறும் மஞ்சள். எட்டாம் நாள் துணி வெள்ளை! குதித்த குதியில் வெந்நீர்க் கொப்பரைக்குள் விழத் தெரிந்தேன்.

இலையா, அக்கா கையா, போட்ட ஊசிதான் தாமதமாக வேலை செய்ததா, எனக்குத் தெரியாது. அதை நீதான் கண்டு சொல்ல வேண்டும். இன்றே இரண்டு பை கிளம்புகின்றன. கடிபட்டது சிவப்பு நூலில் தைத்தது, கடிபடாதது வெள்ளை நூலில். ஒரு புழுவும் கூட வரலாம். அது சாட்சி, விரட்டாதே.

வேளைக்குச் சாப்பிடு. வட்டம் விழுந்தாலும் விழாவிட்டாலும் ஒருமுறை வந்து முகம் காட்டு. நீ நன்றாக இருக்க வேண்டும். கைநாட்டு வைத்துவிட்டேன்.

தையற்காரர் உறையை ஒட்டப் போனார், நிறுத்தச் சொன்னேன். பெண்ணுக்கு நோயாளிப் பட்டம் ஒட்டிக்கொள்ளும், இதைச் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவளும் போய்விட்டாள். நர்ஸ் அக்கா இல்லை, டாக்டர் இல்லை. அந்த ஏழு பேரும் எழுந்து நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள். பிறகு வயதாகி ஆறு பேர் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். கடைசியாக, ஆறாவது கட்டிலில் கிடந்த கொத்தனார், போன மழைக்காலத்தில். மிச்சம் இருப்பது ஏழாவது கட்டிலில் ஒன்றரை வயதில் கிடந்த குழந்தை, நீ ஒருத்திதான்.