ஜெபம் சொல்லி அளந்த ஓட்டம்

பாறசாலை,
12-11-1913

பிரியமுள்ள செல்லபாய்க்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடிருப்பதாக. உனக்கு எட்டாம் மாதம். கிணற்றடிப் பக்கம் போகாதே.

திருவனந்தபுரத்தில் மகாராஜாவின் பிறந்த திருநாள் பந்தயத்தில் உன் தம்பி ராபின்சன் கடைசியாக வந்தான். குழி தோண்டி, அதில் காலூன்றிக் குனிந்து கிளம்பும் என் முறையைக் கண்டு மைதானமே சிரித்தது. "வாத்தியாரே, இது ஓட்டமா, கிழங்கு நடுததா?" என்று நம் ஊர்க்காரர் ஒருவரே கேட்டார். மூன்று வருஷப் பாடு வீண். நாளைக்குக் குழிகளை மூடிவிடுவேன். இனிப் பிள்ளைகளுக்கு டிரில் மட்டும் போதும்.

ராஜதாஸ்

காரக்கோணம்,
17-11-1913

அன்புள்ள அத்தானுக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அழுகிறேன். "பிள்ளைத்தாச்சி கரையப்பிடாது மக்கா" என்று அம்மா அதட்டுகிறாள். ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

வாட்சு இல்லாத நமக்கு என் சாப்பாட்டு ஜெபம்தான் அளவு. நான் எப்போது சொன்னாலும் ஒரே வேகம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினீர்கள். பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்த்தால் வேகம் கெடும் என்று ஒவ்வொருவனாக ஓடவிட்டீர்கள். குறைந்த வார்த்தைகளுக்குள் ஓடி முடிப்பவனுக்கே திருநாள் பந்தயம். நீங்கள் குழியருகே, நான் முடிவுக் கோட்டருகே. உங்கள் பிள்ளைகளில் நன்றாக ஓடும் பொன்னப்பனுக்குச் சரியாகச் சொன்னேன். ராபின்சனுக்கு மட்டும் வார்த்தை குறையும்படி இழுத்து இழுத்துச் சொன்னேன். தம்பி திருவனந்தபுரம் போகட்டுமே என்ற ஆசை. ஜெபத்தை வைத்துப் பொய் சொன்ன பாவி நான். பிழை என் நாக்கில், உங்கள் குழியில் அல்ல. அதை மூடாதீர்கள்.

செல்லபாய்

காரக்கோணம்,
6-12-1913

அத்தானுக்கு,

பதில் இல்லை. திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

செல்லபாய்

பாறசாலை,
15-12-1913

செல்லபாய்க்கு,

கோபம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

பொன்னப்பன் வீட்டுக்குப் போய், அளந்ததில் பிழை என்று மன்னிப்புக் கேட்டேன். "அப்ப நான் தோக்கல்லியா வாத்தியாரே?" என்று இரண்டு தரம் கேட்டான். பிறகு அவனே மண்வெட்டி எடுத்து வந்து குழி தோண்டினான். திருநாளில் ஜெயித்தவனைப் பக்கத்து உதியன்குளங்கரைக்கு வரவழைத்து, சனிக்கிழமை இருவரையும் ஓடவிட்டேன். பொன்னப்பன் ஐந்தடி முந்தினான். கிழங்கு என்று சிரித்தவர் தன் மகனையும் என்னிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

உன் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்து நாற்பது கழிந்ததும் வா. பொன்னப்பனிடம் நீயே சொல்லவேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஊரார் சேர்ந்து எனக்கு ஒரு வாட்சு வாங்கித் தருகிறோம் என்றார்கள்.

வேண்டாம், எனக்கு வீட்டில் உண்டு என்றேன்.

உன்
ராஜதாஸ்